நடுக்கம் வரும்வரை காத்திருக்காதே!

உனக்குக் கை நடுங்கவில்லை. வேலை போகவில்லை. மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகவில்லை.

அதனால் உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறாயா?

தெருமுனையில் விழுந்து கிடக்கிறவரைக் காட்டி, "அவன்தான் குடிகாரன், நான் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமைதான்" என்கிறாயா?

அவரும் ஒரு காலத்தில் சனிக்கிழமைக்காரர்தான் தம்பி! முதல் குவார்ட்டரிலேயே எவனும் தெருவில் விழுந்ததில்லை.

ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். அன்றைக்கு ஒரு பீரில் ஏறிய போதை இன்றைக்கு எத்தனையில் ஏறுகிறது?

முதலில் கட்டிங் போதும். பிறகு குவார்ட்டர். இப்போது ஆஃப் கேட்கிறதா?

"எனக்குக் கெப்பாசிட்டி அதிகம்" என்று நண்பர்கள் நடுவில் மார் தட்டுகிறாயே, அந்தக் கெப்பாசிட்டிதான் உனக்கு வந்த முதல் எச்சரிக்கை!

மது மூளையின் வேகத்தை அடக்குகிறது. நாள்தோறும் அடக்கினால் மூளை சும்மா இருக்குமா? தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டு எதிர்த்து நிற்கும். அதனால்தான் நேற்றைய அளவு இன்றைக்குப் போதவில்லை.

ஒருநாள் சரக்கு கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? அடக்க ஆளில்லை, கூட்டிய வேகம் மட்டும் மிஞ்சும். கை நடுங்கும். வியர்த்துக் கொட்டும். தூக்கம் ஓடிப்போகும். உன் கெப்பாசிட்டி கொண்டுபோய் விடுகிற இடம் அதுதான்!

இன்னும் கேட்கிறேன். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறக்கும், இரவு 10 மணிக்கு மூடும். இந்த இரண்டு மணியும் எப்போது உனக்கு மனப்பாடம் ஆயின?

ஒன்பதரை ஆனதும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வண்டிச் சாவியைத் தேடுகிறாயா? காந்தி ஜெயந்திக்குக் கடை கிடையாது என்று முதல் நாளே வாங்கி ஒளித்து வைக்கிறாயா? எவ்வளவு குடித்தாய் என்று மனைவி கேட்டால் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குகிறாயா?

உன் வாய் அறியாத பொய்யா அது? நீ ஒருவன் மட்டுமே சாட்சியான பொய்!

குடிநோயின் கொடுமையே இதுதான். நடுக்கத்தை ஊரே பார்க்கும். அதற்கு முந்தைய அடையாளங்களை உன்னைத் தவிர எவராலும் பார்க்க முடியாது. நீயே கண்ணை மூடிக்கொண்டால் வேறு யார் பார்ப்பது?

1984-இல் ஜான் யூவிங் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் நான்கே கேள்விகள் கொண்ட சோதனை ஒன்றை வெளியிட்டார். உலகமெங்கும் மருத்துவர்கள் இன்றும் அதைக் கேட்கிறார்கள். இப்போது நீயே உன்னைக் கேள்!

குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்தாயா? உன் குடியைப் பற்றி யாராவது பேசினால் எரிச்சல் வந்ததா? குடித்ததற்காகக் குற்றவுணர்வில் குமைந்தாயா? காலையில் எழுந்ததும், உடம்பு நிதானத்துக்கு வர ஒரு வாய் ஊற்றிக்கொண்டாயா?

இரண்டுக்கு 'ஆமாம்' என்றாலே மருத்துவர் நிமிர்ந்து உட்கார்வார். நீ இன்னும் சாய்ந்தே உட்கார்ந்திருப்பாயா?

"நாள் முழுக்க மூட்டை தூக்குகிறேன், உடம்பு வலிக்குதுண்ணே."

வலி உண்மை. அதை மறுக்க எனக்கு வாய் இல்லை. ஆனால் குடி அந்த வலியைத் தீர்த்ததா? போட்டதும் கண் சொருகும், நடுராத்திரியில் விழிப்பு வரும், பின்னிரவுத் தூக்கம் கெடும். நேற்றைய அலுப்போடு இன்றைய மூட்டையைத் தூக்குகிறாய். சாயங்காலம் வலி கூடாமல் என்ன செய்யும்? அந்த வலிக்கும் குவார்ட்டரா?

"நினைத்தால் நிறுத்திவிடுவேன்."

நினை! நிறுத்து! 30 நாள் தொடாமல் இருந்து காட்டு! பத்தாம் நாளே "மச்சான் கல்யாணம், இன்றைக்கு மட்டும்" என்று மனம் பேரம் பேசினால், அந்தப் பேரத்தைக் குறித்து வைத்துக்கொள். அதுவும் ஓர் அடையாளம்தான்.

ஆனால் இதைக் கவனமாகக் கேள். பல காலமாகத் தினமும் அதிகம் குடிக்கிறவன் வீறாப்பாக ஒரே நாளில் தானாக நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் மனக்குழப்பமும் இல்லாத உருவங்கள் தெரிவதும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவன் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. மருந்தின் துணையோடு பத்திரமாக நிறுத்த வைப்பார்கள்.

"மனநலப் பிரிவுக்குப் போனால் ஊர் என்ன சொல்லும்?"

பட்டப்பகலில் பாரில் உட்கார்ந்தபோது இந்த ஊர் எங்கே போயிருந்தது? அங்கே வராத வெட்கம் அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கும்போது மட்டும் ஏன் வருகிறது?

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர் சாந்தி ரங்கநாதன். ஊர் என்ன சொல்லும் என்று அவர் முடங்கிப்போனாரா? கணவர் பெயரிலேயே 1980-இல் சென்னையில் போதை மீட்பு அமைப்பைத் தொடங்கினார். குடியை ஒழுக்கக்கேடு என்று ஏசிய காலத்தில், இது நோய், சிகிச்சை உண்டு என்று சொல்லி நின்றார். 1992-இல் பத்மஸ்ரீ பெற்றார். இழந்தவரே எழுந்து நின்றார். இன்னும் எதையும் இழக்காத உனக்கு என்ன தடை?

"ஏற்கனவே நிறுத்திப் பார்த்தேன், மறுபடி விழுந்துட்டேன்" என்கிறாயா?

டாக்டர் பாப் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர், அமெரிக்காவின் ஏக்ரான் நகரத்துக்காரர், பெருங்குடியர். 1935-இல் நிறுத்தினார். சில வாரங்களிலேயே ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி விழுந்தார். திரும்பி வந்து மறுபடி நிறுத்தினார். அவர் கடைசியாகக் குடித்தது அந்த ஆண்டு ஜூன் 10 என்பார்கள். 1950-இல் இறக்கும்வரை தொடவில்லை! அவரும் சேர்ந்து தொடங்கி, உலகமெங்கும் குடிநோயாளிகளைக் கைதூக்கிவிடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு அந்த ஜூன் 10-ஐத்தான் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

அந்த மாநாட்டோடு "என்னால் ஆகாது" என்று அவர் உட்கார்ந்திருந்தால்?

விழுந்தாயா? எந்த இடத்தில் விழுந்தாய், யாரோடு இருந்தபோது, என்ன மனநிலையில் என்று எழுது. அடுத்த முறை அந்த இடத்தையும் அந்தக் கூட்டத்தையும் தவிர். மறுபடி தொடங்கு!

உனக்கு இன்னும் சம்பளம் கைக்கு வருகிறது. பிள்ளை இன்னும் வாசலுக்கு ஓடி வருகிறது. மீள்வதற்கு இதைவிட வசதியான நாள் உனக்கு வரப்போவதில்லை.

போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. காசு செலவில்லை. இன்று சாயங்காலம் வண்டியை எடுப்பதற்கு முன்னால் கூப்பிடு!