ஒறுத்தல் யாருடையது?

திருநீற்றுப் புதனன்று நம் இல்லங்கள் பலவற்றில் ஓர் அறிவிப்பு எழுவதுண்டு: "இந்த நாற்பது நாளும் நம் வீட்டில் கறி, மீன் கிடையாது." சொல்பவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர். நல்ல முடிவுதான். 2015-இல் வெளிவந்த 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருத்தந்தை பிரான்சிசின் மடலைப் படித்தபின், ஆண்டு முழுவதுமே புலால் விடலாமே என எண்ணும் அன்பர்களும் நம்மிடையே உண்டு. ஆயினும், அம்முடிவின் சுமை எவர் தோளில் இறங்குகிறது?

மீன் குழம்பு வைத்த நாளில் சோற்றுக்கு வேறொன்றும் வேண்டாம். மரக்கறி என்றாலோ குழம்பு, கூட்டு, பொரியல் என வேலை மூன்றாகிறது. முருங்கைக் கீரையை உருவி முடிப்பதற்குள் ஒரு செபமாலையே சொல்லிவிடலாம். மகன் முட்டைக்கு அடம்பிடித்தால் அதுவும் தனிச் சமையல். இந்திய அரசின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகின்றனர். தவம் ஒருவர் பெயரில். உழைப்பு மற்றொருவர் கையில்!

இன்னொன்றும் உண்டு. சாதாரண ஞாயிறுகளிலும், கறித்துண்டுகள் கணவருக்கும் மகனுக்கும் சென்றபின், சட்டியில் ஒட்டிய மசாலாவில் சோற்றைப் பிசைந்துண்ணும் தாயை நாம் அறிவோம். அது ஆண்டு முழுவதும் நீளும் சுத்தபோசனம். எவரும் அதைத் தவமென எண்ணுவதில்லை. அவரும் அதைத் தேர்ந்துகொள்ளவில்லை. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. வீட்டில் புலால் நீங்கும்போது பருப்பும் பயறும் கீரையும் அவர் தட்டிலும் நிறைய வேண்டும். இல்லையேல், ஏற்கெனவே குறைந்தது மேலும் குறையும்.

மறுபுறம், மனமுவந்து புலாலை விட்ட பெண்ணும் பிறருக்காக அதையே கழுவிச் சமைக்கிறார். விட விரும்பும் ஆணோ, "கறி தின்னாத ஆம்பிளையா?" என்னும் ஏளனத்துக்கு அஞ்சுகிறார். அவருக்கு உரிமையில்லை, இவருக்குத் துணிவில்லை.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 14 வயது நிறைந்தோர் யாவரையும் சுத்தபோசனத்துக்குக் கடமைப்படுத்துகிறது. ஆண், பெண் என்ற வேறுபாடு அதில் இல்லை. கடமை சமமெனில், அதை நிறைவேற்றும் உழைப்பும் சமமாக வேண்டாமா? புலால் தவிர்த்தல் நமக்குத் தீட்டைப் பற்றியதன்று, அன்பைப் பற்றியது. பிறர்மேலுள்ள நுகத்தை அகற்றாத நோன்பு இறைவனுக்கு உகந்ததன்று என்பதே எசாயா 58-ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடலோரத்தில், களைத்து வந்த சீடருக்கு முன்பே கரிநெருப்பும் உணவும் ஆயத்தமாக வைத்துக் காத்திருந்தார். ஆண்டவருக்கு இழிவாகத் தோன்றாத அடுப்படி நமக்கு மட்டும் இழிவாகுமோ? வரும் வெள்ளியன்று கறியை விடுவோம். கூடவே, அரிவாள்மனையின்முன் நாமும் அமர்வோம். அப்போதுதான் அந்த ஒறுத்தல் நம்முடையதாகும்.