அபாவமும் வழக்குரையும்

ஒரு பொருள் தன்னளவில் எந்த மாற்றமும் அடையாதிருக்க, நேற்றுவரை அதனிடம் காணப்படாத குறையொன்று இன்று தோன்றக்கூடுமா என்னும் கேள்வி, தருக்க நூலார் ‘அபாவம்’ என்ற தலைப்பின்கீழ் நெடுங்காலம் வாதித்த கேள்விகளோடு நெருங்கிய உறவுடையது. அபாவம் என்பது இன்மை. அது வெறும் சொல் வழக்கா, அன்றி அறியத்தக்க பொருள்களுள் ஒன்றா என்பதில் சமயங்கள் வேறுபட்டு நின்றன. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் அளவைவாதி எண்ணிக் காட்டும் பத்து அளவைகளுள் அபாவமும் ஒன்றாக இடம்பெறுவது, தமிழ் நிலத்திலும் அவ்வாதம் பழமையானது என்பதற்குச் சான்று. அக்கேள்வியை இன்று வீட்டு விறாந்தைக்குள் கொண்டுவந்து சேர்த்திருப்பது, இணையத்தோடு இணையும் தொலைக்காட்சிப் பெட்டி. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும், மத்திய கிழக்கில் உழைத்தனுப்பிய பணத்திலோ தவணைக் கட்டணத்திலோ பத்தாண்டுகளுக்கு முன் வாங்கப்பட்ட பெட்டிகள் பழுதின்றி ஓடிக்கொண்டிருக்க, அவை ‘பழசாகிவிட்டன’ என்ற முறைப்பாடு மட்டும் ஆண்டுதோறும் வலுத்துவருகிறது. பெட்டியில் எதுவும் தேயவில்லை, எதுவும் எரிந்து போகவுமில்லை என்றால், பழசானது எது?

முறைப்பாட்டின் பொருளை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். பழைய முறைப்படி ஆக்கப்படும் காட்சியில் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் ஒவ்வொரு நிறமும் 256 படிகளாகப் பகுக்கப்படுகிறது. அதன் உச்ச ஒளிர்வும் ஏறத்தாழ 100 ‘நிட்’ அளவிலேயே கணிக்கப்படுகிறது. (நிட் என்பது திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு.) வாவிக்கு மேல் பொழுது சாய்கின்ற வானத்தை இம்முறையில் காட்டும்போது, செம்மையிலிருந்து கருமைக்கு இடையறாது செல்ல வேண்டிய நிறம் பட்டை பட்டையாக உடைந்து தெரிவதுண்டு; தோணியில் எரியும் விளக்கும் அதன் பின்னுள்ள வெண்துணியும் ஒரே வெண்மையாகக் கலந்துவிடுவதும் உண்டு. ‘எச்.டி.ஆர்.’ எனப்படும் புதிய முறை, ஒவ்வொரு நிறத்தையும் 1024 படிகளாகப் பகுத்து, 10,000 நிட் வரையிலான ஒளிர்வைக் குறித்துக்காட்ட இடமளித்து, அவ்விளக்கையும் துணியையும் வேறு வேறாகக் காட்ட முயல்கிறது. 2015 இல் வரையறுக்கப்பட்ட எச்.டி.ஆர். 10, ஒளிர்வு பற்றிய குறிப்பைப் படம் முழுவதற்கும் ஒருமுறையே தருகிறது. டொல்பி விஷனும், 2017 இல் சாம்சங்கும் அமேசானும் அறிவித்த எச்.டி.ஆர். 10 பிளஸும் அதைக் காட்சிக்குக் காட்சி தருகின்றன. இவற்றுக்கு அப்பால், காட்சித் தரவைச் சுருக்கி அனுப்பும் ஏ.வி.1 என்னும் முறை 2018 இல் வெளியாயிற்று. அதை விரித்துக் காட்டப் பெட்டிக்குள் அதற்கென அமைந்த சில்லு வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் 2021 இல் ஏ.வி.1 ஐத் தொலைக்காட்சிகளுக்கு அனுப்பத் தொடங்கி, 2025 மார்ச்சில் எச்.டி.ஆர். 10 பிளஸையும் அதனோடு சேர்த்தது.

முறைப்பாடு பிறக்கும் இடம் பெரும்பாலும் திரையன்று, பட்டியல் பக்கமே. ஒரே படத்தின் பெயருக்குக் கீழே, கைப்பேசியில் ‘டொல்பி விஷன்’ என்றிருக்கும் முத்திரை, விறாந்தையிலுள்ள பெரிய பெட்டியில் ‘எச்.டி.’ என்று சுருங்கிக் கிடக்கிறது. செயலி, தான் ஓடும் கருவியின் வல்லமையை அறிந்து அதற்கேற்ற முத்திரையைக் காட்டுவதால் நேர்வது இது. இன்மையை அறிய வேண்டுமானால் எது இல்லையோ அதை முன்னரே அறிந்திருக்க வேண்டும் என்பது நியாய நூலாரின் துணிபு. குடத்தை அறியாதவனுக்கு ‘இங்கே குடம் இல்லை’ என்ற அறிவு பிறக்காது. உள்ளங்கை அளவான திரை பெரிய திரையின் குறையைக் கற்பித்துக் கொடுக்கும் இந்நிலை, அத்துணிபுக்கு அவர்களே எதிர்பார்த்திராத உதாரணம்.

ஆயினும், குறை அறிவினால் மட்டுமே உண்டானது, அறியாதிருந்தால் துன்பமில்லை என்று முடித்துவிடுவது அவசர முடிவு. தருக்க நூலார் இன்மையை நான்காகப் பகுத்தனர். ஒரு பொருள் தோன்றுவதற்கு முன் அதன் காரணத்தில் நிலவும் இன்மை முன்னபாவம். அதற்குத் தொடக்கம் இல்லை, முடிவு உண்டு. தோன்றிய பொருள் அழிந்தபின் நிலவுவது அழிவுபாட்டபாவம். அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை. காற்றில் நிறம் இல்லாமை போல முக்காலத்தும் இல்லாமை என்றுமபாவம். ஒன்று மற்றொன்று அன்று என்பது ஒன்றினொன்றபாவம். பழைய பெட்டி பற்றிய மனக்குறையில் இந்நான்கும் ஒரே பெயரின்கீழ்க் கலந்து கிடக்கின்றன என்பதும், அவற்றைப் பிரித்தறியாமல் கூறப்படும் ஆறுதலும் அறிவுரையும் பயனற்றவை என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

பத்தாண்டுக்கு முந்தைய சாதாரணப் பெட்டியொன்றின் பின்விளக்கு 300 நிட் அளவுக்குமேல் ஒளிரவல்லதன்று என்றால், 1,000 நிட் ஒளிர்வு அதில் நேற்றும் இல்லை, நாளையும் இல்லை, இது என்றுமபாவம். அதன்பொருட்டு வருந்துவதில் நியாயம் சிறிதே. மாறாக, சோனி நிறுவனம் 2018 இல் தன் உயர்தர மாதிரிகள் சிலவற்றுக்கு மென்பொருள் வழியாக டொல்பி விஷனைச் சேர்த்துக் கொடுத்தபோது, அப்பெட்டிகளில் அதுவரை இருந்தது முன்னபாவமே என்பது வெளிப்பட்டது. காரணம் உள்ளே இருந்தது, காரியம் பின்னர் தோன்றிற்று. சாம்சங் பெட்டிகளில் டொல்பி விஷன் இல்லாமையோ வயதோடு தொடர்பே அற்றது, ஒருவர் வழி மற்றொருவர் வழி அன்று என்னும் ஒன்றினொன்றபாவம் அது. அந்நிறுவனம் தன் வழியைத் தெரிந்துகொண்டு அதில் நின்றமையால், அட்டைப்பெட்டியிலிருந்து அன்று பிரித்தெடுத்த புதிய கருவியிலும் அது இருப்பதில்லை. புதியது வாங்கினால் குறை தீரும் என்று நம்புவோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

நான்கனுள் கனமானது அழிவுபாட்டபாவம். 2015 ஏப்ரலில் யூடியூப் தன் பழைய இணைப்பு முறையை நிறுத்தியபோது, 2012 இலும் அதற்கு முன்னும் வந்த பல பெட்டிகளில் அச்செயலி இயங்காமற் போயிற்று. 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் பழைய சாம்சங், விசியோ, ரோக்கு கருவிகள் சிலவற்றுக்குத் தன் சேவையை நிறுத்தியது. இவை ஒருபோதும் வாக்களிக்கப்படாத புதுமைகள் அல்ல. விற்பனையின்போது அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டு, விலையிலும் சேர்த்து, பயன்பட்டுக்கொண்டிருந்தவை. நூறு கல்லுக்கு அப்பாலிருந்தல்ல, கடல் கடந்த கண்டமொன்றிலிருந்து ஒருவர் எடுத்த முடிவால், எழுவான்கரை வீடொன்றின் சுவரில் தொங்கும் பொருளின் ஒரு பகுதி இல்லாமற் போயிற்று. எச்.டி.எம்.ஐ. துளையில் செருகும் சிறிய ‘ஸ்டிக்’ ஒன்று இவ்வகைக் குறையைப் பெரும்பாலும் தீர்த்துவைக்கிறது, ஏ.வி.1 ஐ விரித்துக் கொடுக்கவும் சில ஸ்டிக்குகள் வல்லன. பின்விளக்கின் ஒளிர்வை மட்டும் எந்த ஸ்டிக்கும் கூட்டித் தராது. எந்த இன்மை எவ்வகையைச் சேர்ந்தது என்பதற்கு இதைவிட எளிய உரைகல் கிடைப்பதரிது.

சைவ சித்தாந்தப் பயிற்சி உள்ள இப்பகுதி வாசகருக்கு இவ்விடத்தில் மற்றொரு விளக்கம் இயல்பாகவே தோன்றக்கூடும். இறைவனின் அருள் எல்லா உயிர்களிடத்தும் ஒரு தன்மையாகவே நிற்கிறது. உயிரின் மலபரிபாகத்துக்கு, அதாவது ஆணவ மலத்தின் பக்குவப்பாட்டுக்கு ஏற்ப, அவ்வருள் பதிவதாகிய சத்திநிபாதம் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நான்கு தரமாக நிகழ்கிறது. ஒரே கதிரவன் முன் ஒரு தாமரை மலர, ஒன்று முகையாய் நிற்க, ஒன்று வாடுவதை உரையாசிரியர்கள் இதற்குக் காட்டுவர். ஒரே ஒளிபரப்பை ஒரு பெட்டி முழுமையாகவும் மற்றொன்று அடிப்படை அளவிலும் பெறுவதை இதனோடு ஒப்பிடுவது அழகாகவே இருக்கும். ஆனால் அந்த ஒப்புமை இரண்டு இடங்களில் உடைகிறது. உயிரின் மலம் அநாதி. அதை இறைவன் உண்டாக்கவில்லை. பெட்டியின் வரம்பையோ, அதை ஆக்கியவரே வகுத்தார். காட்சியை அனுப்புவோரும் அவரும் ஒப்பந்தத்தால் இணைந்தோர். உயிர் பக்குவமடையும் வழி யாருக்கும் அடைக்கப்பட்டதில்லை. பெட்டியின் வழியை மென்பொருள் ஆதரவு முடியும் நாள் அடைக்கிறது. வணிகத்தின் முடிவுகளுக்கு அருளின் மொழியைக் கடன்கொடுப்பது சித்தாந்தத்துக்கும் நன்றன்று, வணிகத்துக்கும் தகாத பெருமை.

போதுமென்ற மனம் பற்றிய அறிவுரையும் அவ்வாறே அளந்து வழங்க வேண்டியது. என்றுமபாவத்துக்கு அது மருந்து. அழிவுபாட்டபாவத்துக்கு அதை மருந்தாகக் கொடுப்பது, இழந்தவனைப் பார்த்து ‘ஆசையை விடு’ என்பதற்கு ஒப்பாகும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 350 ரூபாயைக் கடந்த நாட்டில், புதிய பெட்டி என்பது பலருக்கு ஆசையின் எல்லைக்கும் அப்பாற் போய்விட்ட பொருள். காத்தான்குடியின் பள்ளிவாசல்களில் வீண்விரயம் பற்றி நிகழ்த்தப்படும் உரைகளும் இங்கு நினைவுகூரத்தக்கவை. இயங்கும் பொருளை எறிவது விரயம் என்று இஸ்லாம் வாங்கியவரைக் கண்டிக்குமானால், இயங்கும் பொருளை எறியவைப்பவர் அக்கண்டனத்துக்கு வெளியே நிற்பது எப்படி என்ற வினா எழாமலிராது.

மனக்குறையைக் கேட்டு, வகைபிரித்து, தணிக்கும் முறையொன்று வாவிக்கரைச் சமயத்திலேயே உண்டு. காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம், மகிழூர், வந்தாறுமூலை எனத் தொடரும் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கு, ஆண்டில் பெரும்பகுதியும் அடைத்திருக்கும் கதவு திறத்தலோடு தொடங்கி, கல்யாணக்கால் நடுதல் முதலியவற்றைக் கடந்து, திருக்குளிர்த்தியில் நிறைவெய்தும். சடங்கு நடைபெறும் நாள்களில் ‘கண்ணகி வழக்குரை’ ஏட்டை முறைப்படி பாடுகிறார்கள், வி. சீ. கந்தையா பதிப்பித்தமையால் அது ஏட்டிலிருந்து அச்சுக்கும் வந்தது. சடங்கின் வரிசை கருதத்தக்கது. அம்மனின் சினத்தை முதல் நாளிலேயே குளிர்விப்பதில்லை. வழக்கு முழுவதும் சொல்லப்பட வேண்டும், பாண்டியன் அவை அதைக் கேட்க வேண்டும், சிலம்பு உடைபட வேண்டும். அதன் பின்னரே பாடலும் நீரும் கொண்டு குளிர்த்தி நிகழும். சொல்லப்படாத வழக்கைக் குளிர்விக்க இச்சமயம் முயல்வதில்லை. ஆசையின் வெம்மையையும் முறைப்பாட்டின் வெம்மையையும் அது ஒன்றாகக் கருதாததும் இதனாலேயே புலப்படும்.

கணவனை இழந்த பத்தினியின் வழக்கையும் செயலியை இழந்த பெட்டிக்காரரின் முறைப்பாட்டையும் ஒரே பத்தியில் வைப்பது சிலருக்கு உறுத்தலாம், உறுத்தத்தான் வேண்டும். துயரின் அளவில் இரண்டுக்கும் ஒப்பில்லை. வழக்கின் அமைப்பில் மட்டும் ஒரு பாடம் உண்டு. மதுரை வழக்கைத் தீர்த்தது, மூடிய சிலம்பினுள் இருந்த பரல் முத்தா மாணிக்கமா என்பது. வெளியே நின்று பார்ப்போருக்கு இரண்டு சிலம்பும் ஒன்றே. பெட்டியின் வழக்கும் மூடியதன் உள்ளே உள்ளதைப் பற்றியதே. குறை சில்லின் வரம்பினாலா, மென்பொருளைத் தொடராமையினாலா என்பது ஆக்கியவருக்குத் தெரியும், வாங்கியவருக்குத் தெரியாது. ஆகவே முதற் கோரிக்கை புதிய முறையன்று, உள்ளிருப்பதைக் காட்டுதலே ஆகும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல் நடைமுறைப்படுத்திய திரைக் கருவிகள் பற்றிய ஒழுங்குவிதி, ஒரு மாதிரியின் கடைசிக் கருவி சந்தைக்கு வந்தபின் குறைந்தது 7 ஆண்டுகளுக்கு உதிரிப்பாகங்களும் 8 ஆண்டுகளுக்கு உள்மென்பொருளும் கிடைக்க வேண்டும் என்கிறது. இலங்கையின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம். அது இயற்றப்பட்டபோது செயலிகளைக் கொண்ட தொலைக்காட்சிப் பெட்டி இந்நாட்டுக் கடைகளுக்கு வந்திருக்கவில்லை.

இதே வாவிக்கரை இதற்கு நேர்மாறான இன்மையொன்றையும் கண்டது. காரைதீவில் 1892 இல் பிறந்து, பௌதிகமும் கணிதமும் கற்று, பின் துறவு பூண்ட சுவாமி விபுலாநந்தர் எதிர்கொண்டது, முறை எஞ்சியிருக்கக் கருவி அழிந்த நிலை. சிலப்பதிகார அரங்கேற்று காதையிலும் அதன் உரைகளிலும் யாழின் நரம்பும் அலகும் பண்ணும் சொல்லப்பட்டிருந்தன. அவற்றை ஒலிக்கவைக்க யாழ் இல்லை. அதிர்வெண்களின் விகிதங்களைக் கணக்கிட்டு அவர் எழுதிய யாழ்நூல், 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. அவர் கணித்து அமைத்த யாழ்கள் அப்போது மக்கள் முன் கொண்டுசெல்லப்பட்டன. அடுத்த மாதமே அவர் மறைந்தார். முடிவற்றது என்று தருக்கம் கூறும் அழிவுபாட்டபாவத்தை அவர் நீக்கிவிட்டார் என்பதில்லை. அழிந்த யாழ் அழிந்ததே, தோன்றியது மற்றொரு யாழ். ஆனால் அதைத் தோற்றுவிக்க முடிந்தமைக்குக் காரணம், இளங்கோவடிகளோ உரையாசிரியர்களோ அலகுக் கணக்கைப் பூட்டிவைக்காமை. ஏ.வி.1 இன் இலக்கணம் யாரும் படிக்கத்தக்கதாக வெளியிடப்பட்டுள்ளது, எச்.டி.ஆர். 10 உம் திறந்த தரமே. டொல்பி விஷனுக்கு உரிமம் வேண்டும். எந்த முறையில் வந்தாலும் கட்டணச் சேவைகளின் படங்கள் மறைக்குறியீட்டால் பூட்டப்பட்டே வருகின்றன. ஆதரவு நின்றுபோன பெட்டிக்கு அதன் உள்மென்பொருளை ஆக்கியவர் திறந்துவிட வேண்டும் என்ற கோரிக்கை எழும்போது, மட்டக்களப்பார் அதற்குச் சான்றாகக் காட்டத்தக்க நூல் கல்லடி உப்போடையில் அடங்கியிருக்கும் அத்துறவியின் யாழ்நூலே.