சேணத்தின் கீழ்



இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதங்களுள் முதலாவது கொல்லாமை. அதனை மாசுபடுத்தும் அதிசாரங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துரைக்கின்றது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இவற்றுள் நான்காவதனை ஒரு குதிரையைக் கொண்டு சிந்திப்போம்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டெவிஸ் கோப்பை என்னும் நெடுந்தொலைவுக் குதிரைப் போட்டி 1955இல் தொடங்கப்பெற்றது. மலைவழியில் 100 மைல் தொலைவை 24 மணி நேரத்திற்குள் கடத்தல் வேண்டும். இத்தகைய போட்டிகளில் இடையிடையே கால்நடை மருத்துவர் குதிரையைச் சோதிப்பர். ஓய்வில் நிமிடத்திற்கு 30 முதல் 40 வரை துடிக்கும் அதன் இதயம், ஓட்டத்தில் பன்மடங்கு விரையும். அது 64க்குத் தணிந்தாலன்றிப் பல போட்டிகளில் மேற்செல்ல இசைவில்லை.

அச்சோதனையின்போது சேணத்தை இறக்க வேண்டுமா என்பதே வினா. வேண்டா என்பார், நேரம் வீணாகும் என்பர். வியர்த்த முதுகில் குளிர்காற்றுப் பட்டால் தசை இறுகும் என்றும் கூறுவர். பின்னதில் உண்மை உண்டு. ஆயின் அதற்கு வழியும் உண்டு. வயிற்றுவாரைத் தளர்த்திச் சேணத்தை இறக்கி, முதுகைச் சோதித்தவுடன் கம்பளம் போர்த்தலாம். வெப்பக் காலத்திலோ, சேணம் நீங்கிய முதுகில் நீர் ஊற்றினால் உடல் விரைந்து தணியும். மருத்துவர் முதுகெலும்பின் இருபுறமும் அழுத்திப் பார்ப்பார். வீக்கமும், உரசிய புண்ணும், தொட்டால் நெளியும் நோவும் புலப்படும். சேணத்தோடு சோதித்தால் இவை மறைந்தே போம்.

உண்மையில் கையைத் தடுப்பது குளிரன்று, அச்சம். புண்ணைக் கண்டால் பயணம் அங்கேயே முடிந்துவிடுமே என்னும் அச்சம். அறியாது செய்தோம் என்னும் சொல், அறிய மறுத்தார்க்குப் பொருந்துமோ? அசட்டையால் உயிர்க்குத் துன்பம் விளைத்தலையே ஹிம்சை என்றனர் நம் ஆசாரியர்கள்.

ஏர் பூட்டி உழுத நம் முன்னோர், நுகத்தடியை இறக்கியன்றோ எருதின் கழுத்தைத் தடவிப் பார்த்தனர்? நாமும் பல்லாண்டு பள்ளியில் ஏடு திருத்தியவர். அட்டையைக் கண்டு மதிப்பெண் இட்டதில்லை. வாயில்லா உயிரின் ஏடு அதன் முதுகே.

மூன்றாம் தீர்த்தங்கரர் சம்பவநாதரின் இலாஞ்சனம் குதிரை. அப்பெருமானை வணங்குங்கால், நம்மைச் சுமக்கும் உயிர்களையும் எண்ணுவோம். ஏற்றிய சுமையை இறக்கி, அதன் கீழ் இருப்பதைக் காணும் துணிவே கருணையின் முதற்படி.

அறம் வளர்க!