வீக்கமும் வினையும்

துன்புறும் உயிரைக் கண்டவிடத்து நாம் செய்யத்தக்கது யாது? இவ்வினாவிற்கு விடை எளிதென்றே பலரும் எண்ணுவர். இரக்கங் கொள்க, உடனே உதவுக என்பர். அஃது உண்மையே. ஆயினும், உதவி எது, உபத்திரவம் எது என்று பகுத்தறியாத இரக்கம் எத்துணைத் தீங்கு செய்யவல்லது என்பதை ஒரு சிறு நிகழ்ச்சி நமக்கு அறிவுறுத்தியது. அதனை அன்பர்கள் முன் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெங்களூரில் நம் சங்கத்து அன்பர் ஒருவர் இல்லத்தில் வளர்ந்து வந்த நாயொன்றின் முன்னங்கால் லாரிச் சக்கரத்தில் அகப்பட்டு நசுங்கிற்று. காலைக் காப்பாற்ற வழியில்லை, உயிரைக் காப்பாற்றலாம் என்று கூறிய கால்நடை மருத்துவர், தோள்பட்டை எலும்போடு அக்காலை அகற்றினார். மூன்றாம் நாள் அப்பிராணி எஞ்சிய மூன்று கால்களால் எழுந்து நின்றது, கஞ்சி குடித்தது, வாலை ஆட்டிற்று. வீட்டார் மகிழ்ந்தனர். நான்காம் நாள் காலையில் தையலுக்குக் கீழே, மார்பின் ஓரத்தில், எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம் தோன்றியது. மாலைக்குள் அது மாம்பழ அளவாயிற்று. தொட்டால், நீர் நிறைந்த தோற்பை போலத் தளும்பிற்று.

அவ்வீட்டில் அன்று மூன்று குரல்கள் எழுந்தன. அண்டை வீட்டுக்காரர், “போன பிறவியில் என்ன பாவஞ் செய்ததோ, அனுபவிக்கிறது, விட்டுவிடுங்கள்” என்றார். நாயை வளர்த்த அன்பரோ, “பார்க்கச் சகிக்கவில்லை, ஊசியைச் சுட்டுக் குத்தி நீரை வெளியேற்றிவிடுவோம், நாம் தின்னும் வலி மாத்திரை ஒன்றையும் கரைத்துக் கொடுப்போம்” என்று துடித்தார். அவருடைய வயது முதிர்ந்த தாயார் மட்டும், “காலை எடுத்த டாக்டரைக் கேட்காமல் அதன்மேல் கை வைக்காதே, தம்பி” என்றார். அங்கிருந்த நம் நெஞ்சமும் இரண்டாங் குரலின் பக்கமே சாய்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

மருத்துவர் கூறிய விளக்கம் இது. ஓர் உறுப்பை அகற்றும்பொழுது தசைகள் அறுபடுகின்றன. தோலுக்கும் தசைக்கும் இடையே முன்பில்லாத ஒரு வெற்றிடம் உண்டாகிறது. அறுபட்ட நுண்ணிய நாளங்களிலிருந்து கசியும் ஊனீர் அவ்விடத்திற் சேர்ந்து, தாழ்ந்த பக்கம் இறங்கித் தங்குகிறது. இதனை ஆங்கில மருத்துவம் ‘செரோமா’ என்று வழங்கும். நாயின் உடற்பாரத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 60 பங்கை முன்னங்கால்களே தாங்குவன; அவற்றுள் ஒன்றை இழந்த பிராணி தத்தித் தத்தியே நடக்கும். அவ்வசைவால் ஒட்டவேண்டிய தோலும் தசையும் உராய்ந்து விலக, நீர் மேலும் பெருகும். வீக்கம் சூடும் சிவப்பும் வலியும் இன்றி மெத்தென்றிருக்குமாயின், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் உடலே அந்நீரை உறிஞ்சிக்கொள்ளும். குத்தி வடித்தாலோ, வெற்றிடம் அப்படியே இருத்தலால் நீர் மீண்டும் ஊறும். ஊசியின் வழியே கிருமி புகுந்து சீழ் பிடிக்கவுங் கூடும். மனிதர் உண்ணும் இபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இனி அம்மூன்று குரல்களையும் நம் தம்மத்தின் ஒளியில் ஆராய்வோம்.

முதற் குரல் நமக்குப் புதியதன்று. ஊர்க் கிணற்றில் நீர் மொள்ளலாகாதென்று தடுக்கப்பட்ட பொழுதும், பள்ளிக்கூடத்தின் வெளியே நிறுத்தப்பட்ட பொழுதும், நம் முன்னோர் செவியில் ஓதப்பட்டது ‘முற்பிறவிப் பயன்’ என்னும் இதே சொல்லன்றோ! மோலிய சீவகன் என்னும் பரிவிராஜகன் இராஜகிருகத்தில் பகவான் புத்தரை அணுகி, மனிதன் நுகரும் இன்ப துன்பங்கள் யாவும் பழவினையால் வந்தனவே என்று சிலர் கூறுவது பற்றி வினவினான். பகவான் அக்கொள்கையை மறுத்தார். பித்தம், சிலேட்டுமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், முறையற்ற பராமரிப்பு, வெளியிலிருந்து வரும் தாக்குதல் ஆகியவற்றாலும் துன்பம் உண்டாகும் என்று எடுத்துக்காட்டி, வினைப்பயனை எட்டாவதாகவே வைத்தார். இச்செய்தி சம்யுத்த நிகாயத்தில் உள்ளது. 1956 ஆம் ஆண்டு நாகபுரியில் தீக்ஷை பெற்ற போதிசத்துவர் அம்பேத்கரும், மறு ஆண்டு வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் தம் நூலில், ஏழை எளியோர் நிலைக்குப் பழவினையே காரணம் என்னும் கொள்கை சமுதாயம் தன் பொறுப்பினின்று தப்பிக்கவே உதவும் என்று இடித்துரைத்தார். நம்மை நோக்கிச் சொல்லப்பட்டபொழுது பொய்யாயிருந்த சொல், வாயில்லாப் பிராணியை நோக்கி நாம் சொல்லும்பொழுது மெய்யாகிவிடுமோ? லாரியும் அறுவையும் வெற்றிடமும் அசைவும் கண்முன் காரணங்களாய் நிற்க, காணாத பிறவியைத் தேடிச் செல்வது அறிவுடைமையாகாது.

இரண்டாங் குரல் அன்பிற் பிறந்தது. ஆதலின் அதனை ஆராய்வது கடினம். ‘பார்க்கச் சகிக்கவில்லை’ என்ற சொல்லை உற்று நோக்குக. சகிக்க இயலாதவர் யார்? நாய் அன்று, அது கஞ்சி குடித்துவிட்டு உறங்கிக் கொண்டிருந்தது. சகிக்க இயலாதவர் நாமே. ஊசி நீக்க முயன்றது நாயின் துன்பத்தையன்று, நம் மனக்கலக்கத்தையே. ஆசாரிய புத்தகோஷர் தம் ‘விசுத்திமக்க’த்தில், நற்பண்புகள் ஒவ்வொன்றிற்கும் அதனைப் போலவே தோன்றி உள்ளே நுழையும் அண்மைப் பகை ஒன்று உண்டு என்பர். கருணையின் அண்மைப் பகை துயரம். உபேக்ஷையின் அண்மைப் பகை அறியாமையால் வரும் அசட்டை. அன்று அவ்வீட்டில் இவ்விரு பகைகளுமே பேசின. அண்டை வீட்டாரிடம் அசட்டை நடுநிலையின் வேடம் பூண்டது. நம்மிடம் கலக்கம் கருணையின் வேடம் பூண்டது.

அங்ஙனமாயின் தாயார் கூறியதும் ‘விட்டுவிடுக’ என்பதுதானே என்று சிலர் வினவலாம். அன்று. அவர் கையை மட்டுமே நிறுத்தினார். கண்ணையும் கருத்தையும் நிறுத்தவில்லை. மருத்துவர் சொற்படி நாயைச் சிறு அறையில் அடக்கி வைத்தார், படியேற விடவில்லை, தையலை நக்காதபடி கழுத்தில் கூம்புப் பட்டை கட்டுவித்தார், வெதுவெதுப்பான துணியால் ஒற்றடம் கொடுத்தார். நாள்தோறும் காலையும் மாலையும் வீக்கத்தைப் பார்த்தார். சூடு, சிவப்பு, வலி, துர்நாற்றம், சீழ், தையல் விடுதல், உணவை மறுத்தல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் அக்கணமே மருத்துவரிடம் கொண்டு செல்ல வண்டியும் ஏற்பாடாகி இருந்தது. இதுவோ வாளாவிருத்தல்? நோயுற்ற பிக்குவைத் தம் கையாலேயே கழுவிய பகவான், நோயாளியைப் பேணுவோர்க்குரிய இயல்புகளைக் கூறுங்கால், அருவருப்பின்மையையும் அன்பையும் மட்டுமின்றி, நோயாளிக்கு ஏற்றது எது, ஏலாதது எது என்று அறிதலையும் உடன் வைத்தார். அறிவும் அன்பும் இரு சிறகுகள். ஒன்றால் பறத்தல் இயலாது.

இவ்வறம் நமக்கு அயலானதுமன்று. மனிதர்க்கும் விலங்குகட்கும் என இருவகை மருத்துவத்தை அமைத்ததாக அசோகச் சக்கரவர்த்தி தம் இரண்டாம் பாறைச் சாசனத்தில் பொறித்தபொழுது, அவர் பெயர் குறித்த எல்லை நாடுகளுள் சோழரும் பாண்டியரும் இடம்பெற்றனர். 1898 இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பண்டிதர் அயோத்திதாசரும் சித்த வைத்தியராக விளங்கியவரே. நோயைக் காரணங் கண்டு தீர்ப்பது நம் மரபு. விதியென்று விடுவது நம் மரபன்று.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரிக்கப்பட்டது. பதினெட்டாம் நாள் வீக்கம் இருந்த இடத்தில் தோல் சற்றே தொய்ந்திருந்ததேயன்றி வேறொன்றும் இல்லை. இன்று அந்நாய் மூன்று கால்களால் தெரு முனை வரை ஓடி வருகிறது. ஒருகால் வீக்கம் சீழ் பிடித்து மருத்துவர் மீண்டும் கத்தி எடுக்க நேர்ந்திருப்பினும், தாயார் செய்தது சரியே ஆகும். ஏனெனில் செயலின் தகுதி முடிவில் மட்டும் இல்லை, தெளிந்த எண்ணத்தில் உள்ளது.

அவ்வீக்கம் நாயின் வினையன்று. அதன் முன் நாம் செய்ததும் செய்யாது நின்றதுமே நம் வினை. துன்புறும் உயிரின் முன் நிற்கும்பொழுதெல்லாம், ‘நாம் தணிக்க விரும்புவது அதன் நோவையா, நம் கலக்கத்தையா?’ என்று அன்பர்கள் ஒரு கணம் தம்மைத் தாமே வினவுவாராக. அக்கணத்தில் கருணை கண் பெறும்.