எஜமானுக்காக அழுத கண்கள்

இசைக்குச் சாதியில்லை என்று யாராவது பேச ஆரம்பித்தால் நம்மவர்கள் கொஞ்சம் உஷாராகிவிடுவது வழக்கம். சொல்கிறவர் யார், எங்கே நின்றுகொண்டு சொல்கிறார் என்று பார்ப்போம். சபாக்காரர் சொன்னால் ஒரு அர்த்தம், தப்பட்டை அடிக்கிறவர் சொன்னால் வேறு அர்த்தம். அந்தப் பழைய சண்டை இருக்கட்டும். அதைவிடச் சங்கடமான ஒன்றைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. நம்மை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறவனின் துக்கத்துக்காக நம் கண்ணிலிருந்து நீர் வருகிறது. அதை வரவழைத்தது ஒரு இசை, அந்த இசையைச் செய்தவர் நம் மக்களில் பிறந்தவர் என்றால், அந்தக் கண்ணீரை நாம் என்ன செய்வது?

கொங்கு நாட்டுக்காரர்கள் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1992-ல் ‘சின்ன கவுண்டர்’, 1993-ல் ‘எஜமான்’. இரண்டையும் இயக்கியவர் ஆர்.வி. உதயகுமார், இரண்டுக்கும் இசை இளையராஜா. ஒன்றில் விஜயகாந்த் ஊர்க் கவுண்டராக இருந்து தீர்ப்புச் சொல்கிறார். இன்னொன்றில் ரஜினிகாந்த் வானவராயனாக ஊரையே தாங்குகிறார். பஞ்சாயத்து, சீர், திருவிழா, பச்சை வயல், தோப்பு. ஊர் என்றால் இதுதான் ஊர். அந்த ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருக்கும் வளவு படத்தில் கிடையாது. விடியுமுன்னே வந்து கட்டுத்தரையில் சாணி அள்ளுகிறவள் கிடையாது. தனி டம்ளர் கிடையாது. வருசத்துக்கு இவ்வளவு என்று பேசிப் பண்ணையத்தில் விடப்பட்ட பொடியன் கிடையாது. (பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ 2000-ல் வந்தபோது அந்தப் பொடியன்கள் நாவலுக்குள் வந்து சேர்ந்தார்கள். சினிமாவுக்குள் வர இன்னும் எவ்வளவோ காலம் பிடித்தது.)

படத்தில் இல்லாத அந்த வளவிலிருந்துதான் ஜனங்கள் திரண்டு படம் பார்க்கப் போனார்கள். எங்கம்மாவும் போனது. எஜமான் வீட்டுக்கு வந்த துயரத்தைப் பார்த்து முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதது. “பாவஞ் சாமி, அவுங்களுக்கு இப்புடி ஆயிருக்க வேண்டாம்” என்று வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தது. மறுநாள் விடிந்ததும் எந்தப் பண்ணையத்துக்கு வேலைக்குப் போனதோ அங்கே கொட்டாங்குச்சியில்தான் அதற்குக் காப்பி.

தோழர்கள் இதற்குப் போலிப் பிரக்ஞை என்று ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். கலாச்சார ஆதிக்கம், அபின், மயக்கம் என்றெல்லாம் எழுதித் தீர்த்தாகிவிட்டது. பேர் வைத்தால் விளங்கிவிட்டதாக அர்த்தமில்லை. எங்கம்மாவுக்குத் தன் நிலைமை தெரியாமலில்லை. கவுண்டச்சி எந்த வார்த்தையை எந்த நேரத்தில் சொல்வாள் என்பதுவரை அதற்குத் தெரியும். ஆனாலும் அழுதது. அழவைத்தது கதை என்று நான் நினைக்கவில்லை. கதையை மட்டும் சொல்லியிருந்தால் அது சிரித்திருக்கும்.

இளையராஜா பின்னணி இசை செய்யும் முறை பலருக்கும் தெரிந்தது. படத்தைப் போட்டுப் பார்ப்பார். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுதித் தள்ளுவார். வயலின்கள் ஒரு பக்கம் போகும், செல்லோ இன்னொரு பக்கம் போகும், பாஸ் கிடார் அடியில் தன்பாட்டுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கும். எல்லாம் ஒரு இடத்தில் வந்து கூடும்போது நெஞ்சுக்குள்ளே ஏதோ புரளும். நமக்குப் பழக்கப்பட்டது ஒப்பாரி. ஒப்பாரியில் அழுகிறவளைத் தெரியும், செத்தவனைத் தெரியும், அவன் வைத்துவிட்டுப் போன கடன்வரை வார்த்தையில் வந்துவிடும். வயலின்கள் கூட்டமாக ஒரே வில்லசைவில் எழும்பும்போது வார்த்தை கிடையாது. யாருக்காக அழ வேண்டும் என்று அது சொல்லாது. நம் உள்ளே கிடக்கிற செத்துப்போன பிள்ளை, அடிபட்ட நாள், போகாத பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டுச் சும்மா நிற்கும். அந்த நேரத்தில் திரையில் யார் முகம் தெரிகிறதோ அவன் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறான். எங்கம்மாவின் துக்கத்தில் எஜமான் உட்கார்ந்தது இப்படித்தான். துக்கம் அதனுடையது. நாற்காலி மட்டும் அவருக்குப் போனது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. திருப்பூரில்தான் தெரிந்துகொண்டேன். பனியன் கம்பெனியில் நான் சேர்ந்த காலத்தில் கட்டிங் டேபிளுக்கு மேலே ஒரு பலகையடித்து டேப்ரிக்கார்டர் வைத்திருப்பார்கள். ஓவர்லாக்கும் பேட்லாக்கும் ஒரே நேரத்தில் ஓடுகிற சத்தத்தில் பாட்டின் வார்த்தை பாதி கேட்காது. கேட்பதெல்லாம் வயலின் ஏறி இறங்குவதும், புல்லாங்குழலும், அடியில் அந்த பாஸும்தான். ஷிப்மெண்ட் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட், சில நாள் விடிய விடிய. பிசிர் வெட்டுகிற அக்கா ஒருத்தர் இருந்தார். ‘சின்ன கவுண்டர்’ பாட்டு வந்தால் கத்தரியைக் கீழே வைக்காமலே கண்ணைத் துடைத்துக்கொள்வார். படத்தை நினைத்து அழுகிறாரோ என்று கேட்டேன். “படமா? நான் எங்கீங் படம் பாத்தேன். இது எங்கூட்டுக்காரரு செத்தப்ப பக்கத்து டீக்கடையில பாடுச்சுங்” என்றார்.

அங்கே கவுண்டர் இல்லை. பாட்டுக்காக எழுதப்பட்ட காட்சி இல்லை, ஆரத்தி இல்லை, தோப்பு இல்லை. கேசட்டும் மிஷின் சத்தமும் சேர்ந்து எஜமானை நாற்காலியிலிருந்து கிளப்பிவிட்டிருந்தன. இருபது பேர் தலை குனிந்து தைத்துக்கொண்டிருந்த அந்தக் கொட்டகையில் அவரவர் துக்கம் அவரவரிடம் திரும்பி வந்திருந்தது. இதை அபின் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. பாட்டுக் கேட்டு மழுங்கிப்போன கூட்டம் அத்தனை நாள் பட்டினி கிடந்திருக்காது.

இசையமைப்பாளரை இதில் எங்கே நிறுத்துவது? அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லிவிட முடியாது. கை தைக்கிற டெய்லருக்கு அந்தச் சட்டையைப் போடப்போவது யாரென்று தெரியாது. இவர் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார். 1992-லேயே வந்த ‘தேவர் மகன்’ பாட்டு ஒன்று தென்மாவட்டங்களில் ஊர்வலப் பாட்டாகி, சேரிக்குப் பக்கம் வேண்டுமென்றே ஒலிபெருக்கி வைத்துப் போடப்பட்டதை அனுபவித்தவர்கள் இருக்கிறார்கள். பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் தூக்கித் திரிந்தவர் அதற்கு இசை போட்டார் என்பது நமக்கு வலிக்கத்தான் செய்யும். வலியை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வலியைக் காரணம் காட்டி “நீ எங்களுக்காகப் பேசு” என்று அவர் சட்டையைப் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நம் அடையாளத்தில் நிற்க அவர் விரும்பியதில்லை. 2022-ல் ஒரு நூலின் முன்னுரையில் பிரதமரை அம்பேத்கரோடு ஒப்பிட்டு எழுதியபோது நாம் எதிர்த்தது சரி. அதை ஒரு குடிமகனின் கருத்தாக எதிர்க்கலாம். வேறொரு சாதியில் பிறந்த இசையமைப்பாளர்கள் எத்தனை பேர் எத்தனை எஜமான்களுக்கு இசை போட்டார்கள்! அவர்களிடம் யாரும் பதில் கேட்டதில்லை. பிரதிநிதியாக இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நம்மாட்களுக்கு மட்டும் எதற்கு?

அவர் அந்த அடையாளத்தை விட்டாலும் அது அவரை விடுவதாயில்லை என்பது வேறு விஷயம். 2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அர்த்த மண்டப வாசலில் அவரைத் தள்ளி நிற்கச் சொன்ன படம் ஊரெல்லாம் ஓடியது. அர்ச்சகர்களைத் தவிர யாருக்கும் அங்கே அனுமதியில்லை என்றது நிர்வாகம். பொய்ச்செய்தி பரப்புகிறார்கள் என்றார் அவரே. இருக்கட்டும். அந்தப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் நமக்கெல்லாம் என்ன தோன்றியது என்பதற்கு எந்த நிர்வாகமும் விளக்கம் தர முடியாது. மூன்று மாதம் கழித்து, 2025 மார்ச் 8 அன்று, லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா அவர் எழுதிய சிம்பொனியை வாசித்தது. அதில் பாட்டும் இல்லை, படமும் இல்லை. 1986-ல் ‘ஹவ் டு நேம் இட்’, 1988-ல் ‘நத்திங் பட் விண்ட்’ என்று முன்பே படமில்லாத இசைத் தொகுப்புகளை அவர் செய்து பார்த்ததுதான். ஆனால் அவருடைய இசையை முதலில் படத்திலிருந்து உரித்தெடுத்தவர்கள், என் கணக்கில், ரேடியோவும் டேப்ரிக்கார்டரும் வைத்துக்கொண்டு வேலை செய்த கூலிக்காரர்கள்தான்.

இதிலே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைத்தால் கட்டுரை பொய்யாகிவிடும். அதே கேசட்டை முதலாளியும் கேட்டார். அவரும் உருகினார். ஷரத் சாரி 2004-ல் வெளியிட்ட ‘ஃப்ரேட்டர்னல் கேப்பிட்டல்’ நூலில் எழுதியிருப்பதைப்போல, காட்டு வேலையிலிருந்து வந்து மிஷினில் உட்கார்ந்து மேலே வந்த கவுண்டர்கள் பலர் தங்கள் உழைப்பையே முதலாகச் சொல்கிறவர்கள். கஷ்டம் தெரிந்தவர்கள்தான். அவர்களுடைய கண்ணீரையும் நான் சந்தேகப்படவில்லை. அழுதுவிட்டு எழுந்தபின் வளவுப் பையனுக்கு வாடகைக்கு வீடு உண்டா என்பதுதான் கேள்வி. 1936-ல் ‘சாதி ஒழிப்பு’ எழுதிய அம்பேத்கர் சகோதரத்துவத்தைப் பற்றிச் சொல்லும்போது, சேர்ந்து வாழ்வதையும், அனுபவம் ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தடையில்லாமல் ஊடுருவிப் பாய்வதையும்தான் அதன் அடையாளமாக வைத்தார். ஒரே பாட்டுக்கு இரண்டு பேர் தனித்தனியே அழுவது அந்தக் கணக்கில் வராது.

காதலுக்கு வயலின் இழைத்துச் சாதியை மீறுகிறவர்களுக்காக நம்மை ஏங்க வைத்த படங்கள் எத்தனையோ. ‘அலைகள் ஓய்வதில்லை’ 1981-லேயே வந்துவிட்டது. அதையெல்லாம் பார்த்துக் கண் கலங்கியவர்கள் நிறைந்த இந்தத் திருப்பூர் மாவட்டத்தில்தான், உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம், 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் சங்கரை வெட்டிச் சாய்த்தார்கள். கூட இருந்த கௌசல்யாவையும் வெட்டினார்கள். பிழைத்து வந்த கௌசல்யா, பெற்றவர்களுக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். பிறகு பறை அடிக்கக் கற்றுக்கொண்டார்.