கறவைக் கருவிகளும் கன்றின் பங்கும்

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் முதலாவது கொல்லாமை. ஊன் உண்ணாதிருத்தலே அதன் முழுப்பொருள் எனக் கொண்டு மனநிறைவு அடைந்துவிடுவோர் நம்மிடையே பலர். நாள்தோறும் நம் வாயிலுக்கு வரும் பால் எவ்வாறு கறக்கப்பட்டது, அதன்பொருட்டு எவ்வுயிர் என்ன துன்புற்றது என்று நாம் கேட்பது அரிது. ஆதிநாதப் பெருமானின் இலாஞ்சனம் இடபம். அவர் திருமேனிக்குப் பாலால் நீராட்டுச் செய்யும் நாம் இவ்வினாவை ஒதுக்கிவிடல் தகுமா? அண்மையில் நீலகிரியில் நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி இச்சிந்தனையை எழுப்பிற்று.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, குன்னூர் வட்டாரத்தில் பல்லாண்டு பணியாற்றிய நாம், ஓய்வுக்குப் பின்னும் இம்மலையிலேயே தங்கிவிட்டோம். நம்மிடம் ஐந்தாம் வகுப்புப் பயின்ற ஒருவர் இன்று கோத்தகிரிச் சாலையில் சிறிது தேயிலை நிலமும் ஆறு கலப்பினப் பசுக்களும் வைத்து வாழ்கிறார். நம் வீட்டுப் பாலும் அங்கிருந்தே வருகிறது. ஒருநாள் தம் கொட்டிலைக் காண அழைத்தார். ஒவ்வொரு பசுவின் கழுத்திலும் ஒரு பட்டை. அதில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. நலமுள்ள பசு நாளொன்றுக்கு 7 முதல் 8 மணி நேரம் அசைபோடும். அது குறைந்தால் நோயின் அறிகுறி. பசுவின் கழுத்தசைவைக் கொண்டு கருவி இதனைக் கணக்கிட்டுக் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகிறது. பசு சினைப்பருவம் அடைந்ததையும் அதன் நடமாட்டத்தால் அறிந்து சொல்கிறது.

“டீச்சர், இப்போதெல்லாம் ராத்திரி எழுந்து வந்து பார்க்க வேண்டியதில்லை. மாட்டுக்கு ஏதாவது என்றால் இதுவே சொல்லிவிடும்” என்று கைப்பேசியைக் காட்டினார். ஆறு பசுக்களுக்கு எதிரேயும் பச்சை நிறம் தெரிந்தது. ஆயினும் கொட்டிலின் கோடியில் நின்ற பசு ஒன்று ஓயாது கத்திக்கொண்டிருந்தது. அதன் கன்று எங்கே என்று வினவினோம். “காளைக்கன்று, டீச்சர். முந்தாநாள் கொடுத்துவிட்டேன்” என்றார். யாருக்கு என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இக்கருவிகள் திடீரென வந்தவை அல்ல. மனிதக் கை படாமல் கறக்கும் இயந்திரம் 1992-ல் நெதர்லாந்து நாட்டுப் பண்ணைகளில் பயனுக்கு வந்தது. பசு தானே வந்து நிற்க, இயந்திரக் கை மடிக்காம்பைக் கண்டறிந்து கறக்கிறது, பாலையும் சோதிக்கிறது. நம் நாட்டில் 1970-ல் வெண்மைப் புரட்சி தொடங்கியது. 1998 முதல் பால் உற்பத்தியில் உலகில் முதலிடம் நமதே. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் அரவணைப்பில் வளர்ந்து 2011-ல் தோன்றிய ஸ்டெல்லாப்ஸ் போன்ற நிறுவனங்கள் பசுவின் உடல்நிலை முதல் பாலின் தரம் வரை கணினியில் பதியும் முறைகளைக் கொணர்ந்தன. 2019-ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த்தடுப்புத் திட்டத்தின் வழியே மாடுகளின் காதில் 12 இலக்க எண் கொண்ட வில்லை ஏறியது.

இவை அறத்திற்கு இயைந்தனவா? இதனை அளக்க நம்மிடம் ஒரு பழைய அளவுகோல் உண்டு. கொல்லாமை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் சொல்லப்பட்டுள்ளன: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைச்சுமை ஏற்றுதல், ஊணும் நீரும் தடுத்தல். கொல்லாதவனும் இவற்றால் விரதத்தில் குறைபடுவான் என்பது கருத்து.

ஒவ்வொன்றாக நோக்குவோம். கட்டுதல்: மேலைநாட்டு இயந்திரப் பண்ணைகளில் பசு கட்டின்றி உலவித் தான் விரும்பும் வேளையில் கறவைக்கு வரும். நம் மலைக் கொட்டில்களிலோ இடமின்மையால் பகலும் இரவும் கட்டியே கிடக்கிறது. கழுத்துப்பட்டை அக்கயிற்றை அவிழ்க்கவில்லை. அடித்தல்: இயந்திரத்திற்குச் சினமில்லை, வாலை முறுக்குவதில்லை. இது நன்மையே. உறுப்பறுத்தல்: வில்லைக்காகக் காதைத் துளைக்கின்றனர். அது நோவுதான், ஆனால் கோமாரி போன்ற கொடுநோய்க்குத் தடுப்பூசி போட்டதை முறையாய்ப் பதிய அது உதவுகிறது. மிகைச்சுமை: கறவைப் பசு வண்டி இழுப்பதில்லை, அதன் மடியே அதற்குச் சுமை. மடிநோயை முன்னறிந்து சொல்லும் கருவி அச்சுமையின் துன்பத்தைக் குறைக்கலாம். மேலும் மேலும் கறக்க அதே கணக்கைப் பயன்படுத்தினால் சுமையைக் கூட்டவும் கூட்டலாம்.

ஐந்தாவதாகிய ஊண் தடுத்தலில்தான் நாம் திகைத்து நின்றோம். பசுவின் தீனியை அளக்கவும் பாலை அளக்கவும் கருவி உண்டு. ஆனால் அப்பால் எந்த உயிருக்காகச் சுரந்ததோ அக்கன்றின் கழுத்தில் பட்டை இல்லை. பால் தராத உயிரைக் கணக்கிட எவரும் பொருள் செலவிடுவதில்லை.

முற்காலம் குற்றமற்றது என்றும் நாம் சொல்லமாட்டோம். நம் பிறந்த வீட்டில் கன்று ஒன்று இறந்தபோது அதன் தோலில் வைக்கோல் அடைத்துத் தாயின் முன் நிறுத்திக் கறந்தனர். பசு அத்தோலை நக்கியது. சிறுமியாக நாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று மாலை அந்தப் பாலையும் அருந்தினோம். இன்றைய கருவி புதிதாக ஒரு பிழையைத் தொடங்கிவிடவில்லை. நம் பழைய பிழை கண்ணுக்குத் தெரியாமல் நடக்க அது துணைபுரியக்கூடும் என்பதே நம் அச்சம்.

காளைக்கன்று பிறவாமல் தடுக்கவும் வழி கண்டுள்ளனர். பெண்கன்றுக்குரிய விந்தணுவில் மரபுப்பொருள் ஏறத்தாழ 4 விழுக்காடு மிகுதி. அவ்வேறுபாட்டை ஒளிக்கதிரால் கண்டு பிரித்து எடுத்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 90 கன்றுகள் பெண்ணாகவே பிறக்கும். உதகையில் உள்ள அரசு உறைவிந்து நிலையத்திலும் இவ்வசதி உண்டு. சரிவான இம்மலையில் ஏருக்கும் வண்டிக்கும் வேலையில்லை. திமிலற்ற கலப்பினக் காளையை வாங்குவோர் இறைச்சிக்கே வாங்குகின்றனர். ஆதலின் இம்முறையால் கொலைக்களம் செல்லும் உயிர்கள் குறையும் என்பதை நாம் மறுக்கலாகாது. ஆயினும் எஞ்சிய பத்துக் கன்றுகள் இருக்கின்றன. கறவை ஓய்ந்த பசுக்களும் இருக்கின்றன. அவற்றைக் காக்கும் கடமை தீரவில்லை.

அக்கடமை யாருடையது? நம் மாணவர் கொடியவர் அல்லர். பசுந்தேயிலைக்கு உரிய விலை கிடைக்காமல் இம்மாவட்டத்துச் சிறு விவசாயிகள் நெடுங்காலமாகத் தவிக்கின்றனர். பயனற்ற கன்றுக்கு இரண்டு மாதம் பால் விட்டால் அவர் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தில் துண்டு விழும். கவனக்குறைவால் உயிர்க்கு ஊறு செய்வது இம்சை என்றும், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வழி என்றும் நம் ஆகமங்கள் கூறும். கன்றைக் கொடுத்தவர் அவர். குறைந்த விலைக்குப் பால் கேட்டு, கன்றைப் பற்றி ஒருசொல் கேளாதிருந்தவர்கள் நாம். கருவி உழைப்பைக் குறைக்கலாம். நம் பங்கை அதன்மேல் ஏற்றிவிட முடியாது.

அயல்நாடுகளில் வாழும் நம் பேரப்பிள்ளைகள் சிலர் பாலை அறவே நீக்கியுள்ளனர். அது நேரிய விடை. அவர்களைப் பழிப்பது தகாது. அவ்வளவு இயலாதோர் செய்யக்கூடியவையும் உள. பால் தருபவரிடம் கன்றைப் பற்றிக் கேட்கலாம். தேவைக்கு மிஞ்சி வாங்காதிருக்கலாம். கன்றின் பங்கை விட்டுக் கறப்பவர்க்குக் கூடுதல் விலை தரலாம். நீராட்டுக்குக் குடம் குடமாய்ப் பால் கொணர்வதைக் குறைத்து, மிஞ்சும் பொருளால் ஊர்தோறும் சில கன்றுகளையேனும் வளர்க்கலாம்.

நாமும் நம் அண்டை வீட்டார் மூவரும் பால் அளவைப் பாதியாக்கிக்கொண்டு, பழைய விலையையே தொடர்ந்து கொடுத்து வருகிறோம். அப்பணம் கன்றின் தீனிக்கு. தை மாதத்தில் பிறந்ததும் காளைக்கன்றுதான். இன்றும் அது கொட்டிலில் தாயின் அருகே நிற்கிறது. வளர்ந்தபின் அதனை எங்கே வைப்பது என்பதற்கு இன்னும் விடை காணவில்லை. பிஞ்சராப்போல் போன்ற கால்நடைக் காப்பிடங்களில் இடம் கிடைக்குமா என்று விசாரித்து வருகிறோம். வழியறிந்த அன்பர்கள் தெரிவித்தால் நன்றியுடையோம்.