கரையில் அமரும் பொழுது

ஆரணிப் பட்டு நெசவாளரின் நாள் புடவைக் கணக்கில் அளக்கப்படுவது. குழித்தறியில் கால் இருக்கும்வரைதான் கூலி. ஊரை ஒட்டிய கமண்டல நாக நதியோ ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. தறி ஓயும் நாளில் குடும்பத்தோடு கொஞ்சம் தண்ணீரைப் பார்த்துவிட்டு வரலாம் என்றால், மாவட்டத்தில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சாத்தனூர். தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் கட்டி முடித்த அணை அது. 119 அடி வரை நீர் தேங்கும். அதன் காலடியில் பூங்கா, முதலைப் பண்ணை, படகு, பொரித்த மீன்.

அங்கே நுழைவுச் சீட்டு வாங்கி நீரைப் பார்க்கிறோம். நேரக் கணக்கில் காசு கொடுத்து மிதக்கிறோம். தட்டில் வந்த மீனைச் சுவைக்கிறோம். தூண்டிலோடு கரையில் சும்மா உட்காருவது இந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை.

இதை அநீதி என்று உடனே சொல்லிவிடவும் முடியாது. நீர்த்தேக்கத்துக் கட்லாவும் ரோகுவும் வடநாட்டு ஆறுகளுக்குரியவை. யாரோ குஞ்சு வளர்த்து விட்டதால்தான் இங்கே இருக்கின்றன. விட்டவருக்கு அவற்றில் உரிமை உண்டு. ஊர் ஏரிகளில் மீன்பாசிக் குத்தகை இருக்கிறது. ஏரி மீனின் வருவாயை அந்த ஏரியைத் தூர்வாரவே ஒதுக்கிய செய்தி பழைய கல்வெட்டுகளிலும் உண்டு. மீனுக்கு விலை இருப்பது நமக்குப் புதிதன்று. முதலை உள்ள நீரில் வேலியையும் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் மீனின் விலை வேறு, கரையின் விலை வேறு. தூண்டில் போட்டவன் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறான். ஆனாலும் மறுபடி வருகிறான். மிதப்புக்கட்டை அசையக் காத்திருக்கும் அந்த நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை, யாரும் கட்டணம் கேட்பதுமில்லை. உழைப்பு முழுவதும் எண்ணிக்கையாகிவிட்ட வாழ்வில், ஓய்வும் சீட்டு கிழித்து நிமிடமாக விற்கப்படுமானால், மனிதன் தன் பொழுதுக்குத் தானே உரியவனாக இருக்கும் இடம் எங்கேயும் எஞ்சாது. பொது என்று நாம் எதையேனும் அழைப்பதற்கு அடிப்படை, அங்கே எதையும் வாங்காமலும், வந்த காரணத்தை எவருக்கும் விளக்காமலும், எளியவரும் தம் விருப்பம்போல் தங்கியிருக்க முடிகிறது என்பதே. நீரின் ஏற்ற இறக்கத்தையும், கலங்கிய நிறத்தையும், மீன் செத்து மிதக்கும் காலையையும் முதலில் அறிபவர்கள் அப்படித் தங்கியவர்கள்தாம்; அவர்களை விலக்கிய நீருக்காகக் குரல் கொடுக்கக் காவலாளி மட்டுமே மிஞ்சுவார், அவரும் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்.

இப்போது ஊர்தோறும் ஏரிக்கரைகள் பூங்காவாகின்றன. நடைபாதை, கைப்பிடிக் கம்பி, மிதிபடகு, வண்ண விளக்கு எல்லாம் வரும். கம்பியில் ஓரிடத்தில் இடைவெளி விட்டு, நீர் வரை நாலு படி இறக்கப் பெரிய செலவாகாது. ஆனால் அதை வரைபடம் போடும்போதே கேட்க வேண்டும். சிமெண்டு காய்ந்தபின் மனு கொடுத்துப் பயனில்லை.